பன்னிரண்டு மைல் காது

1999ஆம் ஆண்டு வன்னியில் இருந்த காதுகளுக்குள் பெரிய காது யாருடையது என்று கேட்டிருந்தால், அக்கராயன் பக்கத்துப் பால்குடிப் பிள்ளைகூட நல்லதம்பியரின் கொட்டிலை நோக்கிக் கையை நீட்டியிருக்கும். எங்கோ கண்காணாத ஓடுபாதையில் குண்டுவீச்சு விமானி தொண்டையைச் செருமினால் போதும், இங்கே நல்லதம்பியர் விசிலை வாயில் வைத்துவிடுவார் என்று சனம் சொல்லிக்கொண்டது. விமானி சாவியைத் தேடும்போதே ஊதிவிடுவார் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. விமானத்துக்குச் சாவி உண்டா என்று எவரும் கேட்கவில்லை.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, காட்டோரத்தில் தென்னங்கிடுகுக் கொட்டில்களில் நடந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் காவலாளி. பாலை மரத்தடியில் ஒரு கதிரை, கழுத்தில் ஒரு விசில், காலடியில் சீசர் என்ற நாய். அவர் ஊதினால் நானூறு பிள்ளைகளும் ஆசிரியர்களும் பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்குவார்கள். ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் மற்றவர்களுடைய சாதாரணக் காதுகளுக்கு விமானம் கேட்கும். மூன்று வருடத்தில் ஒரு பிள்ளைகூடப் பிந்தி இறங்கியதில்லை.

இந்த மூன்று வருடமும் நல்லதம்பியருக்குக் காது கேட்காது என்பதுதான் விசேஷம்.

கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட அன்று அவருக்குப் பத்துப் பாகத் தூரத்தில் ஒரு ஷெல் விழுந்தது. மனிதருக்கு ஒரு கீறல் இல்லை. வேட்டியில் ஒரு பொத்தல் இல்லை. செவிப்புலனை மட்டும் எடுத்துக்கொண்டு அது போய்விட்டது. வலது காது முற்றாகப் போனது. இடது காதில் ஒரு சொட்டு மிஞ்சியது. அதற்குள் வாயை வைத்துக் கத்தினால், மூடிய பானைக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்கும். விமானத்தைக் கேட்டது சீசர். தூரத்தில் சத்தம் முளைக்கும்போதே அதன் காது இரண்டும் விறைக்கும், வால் கால்களுக்குள் போகும், அடுத்த கணம் பங்கரைப் பார்த்து ஓடும். நல்லதம்பியர் அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, விறைத்ததும் ஊதினார். அவ்வளவுதான் வித்தை.

மனிதரோடு பழகுவதற்கு அவரிடம் வேறொரு வித்தை இருந்தது. யார் எதைச் சொன்னாலும், "ஓம், ஓம், அதுக்கென்ன" என்பார். இந்த ஒற்றை வித்தையால் அவர் கோயில் திருவிழா உபயகாரராகவும், மரண உதவிச் சங்கத்துப் பொருளாளராகவும், பதினொரு பூனைக்குட்டிகளுக்குப் பொறுப்பாளராகவும் ஆகியிருந்தார். ஆனாலும் குட்டு வெளிப்படவில்லை. வெளிப்படவும் கூடாது. அந்த விசில் கழுத்தில் தொங்கும் வரைக்கும்தான் அவர் நல்லதம்பியர். கழற்றினால் நிவாரண வரிசையில் நிற்கிற இன்னொரு வயதாளி.

ஆடி மாதம் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. 'நாளைய மனிதன்' என்ற தலைப்பில் ஒவ்வொரு பாடசாலையும் ஒரு கண்காட்சி வைக்கவேண்டும். தொழில்நுட்பத்தால் மனித உடலின் ஆற்றலைக் கூட்டுவது எப்படி என்று விஞ்ஞானமும் சித்திரமும் சேர்ந்து பொதுமக்களுக்கு விளக்கவேண்டும். பற்றறியும் மின்சாரமும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் இல்லாத ஊரில் நாளைய மனிதனைக் காட்டச் சொன்னவர் பெரிய பகிடிக்காரராக இருந்திருக்கவேண்டும்.

விஞ்ஞான ஆசிரியர் தில்லைநாதனும் சித்திர ஆசிரியை ராஜினியும் அன்றைக்கே சண்டையைத் தொடங்கினார்கள்.

"முதல்ல சித்திரம், பிறகுதான் விஞ்ஞானம், மாஸ்டர். மனிசன் முதல்ல கனவெல்லோ காணவேணும்" என்றாள் ராஜினி.

"கனவு காண ஒரு பாய் போதும் டீச்சர். கருவி செய்ய ஈயம் வேணும், வயர் வேணும், மூளை வேணும்."

"அப்ப என்ன செய்யப் போறியள்? கட்டைக்காலோ, மூக்குக்கண்ணாடியோ?"

"அது வைத்தியம்!" என்று தில்லைநாதன் மாஸ்டர் மேசையில் அடித்தார். மேசை ஒரு வெற்றுத் தேயிலைப் பெட்டி. உள்ளே போய்விட்ட கையை வெளியே எடுக்கச் சிறிது நேரம் பிடித்தது. "குறையைத் திருத்தினால் வைத்தியம். குறையில்லாதவனைக் கூட்டினால்தான் மேம்பாடு. நல்லாக் கேக்கிற ஒரு மனிசனைப் பிடிச்சு, அவனைப் பன்னிரண்டு மைலுக்குக் கேக்கப் பண்ணப்போறன்."

அந்தக் கருவியைப் பார்த்தவர்கள் ஒரு கிழமைக்கு வேறு கதை கதைக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கியின் பெரிய புனல் ஒன்று. அதன் அடியில், செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து பிடுங்கிய ஒலிவாங்கி. பிறகு அதே ரேடியோவின் வயிறு, குடல் எல்லாம். காதுக்கு மாட்ட இரண்டு சிரட்டை. ஒவ்வொரு சிரட்டைக்குள்ளும் ஒரு பழைய தொலைபேசியின் காதுத்துண்டு. பற்றறிக்குப் பதிலாக, நிறுத்தி வைத்த சைக்கிளின் டைனமோ. ஒருவர் மிதித்தால்தான் இன்னொருவருக்குக் கேட்கும். பன்னிரண்டு மைல் என்ற கணக்கு கரும்பலகையில் மூன்று நாள் அழிக்கப்படாமல் கிடந்தது. அதைப் பார்த்த கணித ஆசிரியர் விடுமுறை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மாட்டுவதற்கு ஒரு நல்ல காது வேண்டுமே? நல்லதம்பியரை விட்டால் யார்?

இருவரும் பாலை மரத்தடிக்கு வந்தார்கள். தில்லைநாதன் மாஸ்டர் கையை விரித்து நெடுநேரம் ஏதோ சொன்னார். நல்லதம்பியர் சீசரின் காதில் வைத்த கண்ணை எடுக்காமல், "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார். ராஜினி டீச்சர் அவருடைய நாடியைப் பிடித்துத் திருப்பி வைத்துப் பென்சிலால் படம் கீறினாள். அடையாள அட்டைக்காக்கும் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

மறுநாள் சங்கக்கடைச் சுவரில் அவரே ஒட்டப்பட்டிருந்தார். முகம் அவருடையது. காது இரண்டும் சுளகு.

'பன்னிரண்டு மைல் காது! திரு. நல்லதம்பி பொதுமக்கள் முன்னிலையில் தோன்றுவார். முதலில் வெறுங்காதுச் சோதனை. அதன்பின் கருவிக்காதுச் சோதனை. அனைவரும் வருக.'

'வெறுங்காதுச் சோதனை' என்ற இரண்டு சொல்லையும் அவர் ஏழு தரம் வாசித்தார். ஏழு தரமும் அப்படித்தான் எழுதியிருந்தது.

வீட்டுக்குப் போய், "இஞ்சேர், எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு. சனிக்கிழமை எழும்பேலாமப் போகும்போல" என்று மனைவி சிவலட்சுமியிடம் சொன்னார். அவள் அடுப்பில் கஞ்சியைத் துழாவியபடி ஒரு பெரிய பதில் சொன்னாள். அவர் "ஓம்" என்றார். சனிக்கிழமை காலை அவள் தோய்த்த வேட்டியையும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சால்வையையும் எடுத்து நீட்டியபோதுதான், தான் எதற்கு ஓம் சொன்னார் என்பது அவருக்கு விளங்கியது.

கண்காட்சிக்கு எண்ணூறு பேர் வந்தார்கள். எண்ணாயிரம் என்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய கொட்டிலின் வாசலில் 'நாய்களுக்கு அனுமதியில்லை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். சீசர் மைதானத்து வெயிலில் நின்றது. நல்லதம்பியர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனார்.

உள்ளே நாளைய மனிதன் பல இடங்களில் இருந்தான். சைக்கிள் கண்ணாடி பூட்டிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னால் போனபடியே பின்னால் வருகிறவரைப் பார்க்கலாம். போட்டுப் பார்த்த மூன்று பேர் முன்னால் நின்ற தூணில் முட்டினார்கள். 'கி.பி. 2050: ஒரு வேளை உணவுடன் வாழும் மனிதன்' என்ற படத்தின் முன்னால் சனம் நின்று சிரித்தது. "இதுக்கேன் அம்பது வருசம்? போன மாசமே வந்திட்டுதே" என்றார் ஒருவர்.

ராஜினி டீச்சர் களிமண்ணில் ஆறடி உயரத்துக்கு ஒரு மனிதனைச் செய்து வைத்திருந்தாள். ஆறு கை. ஒன்றில் மண்வெட்டி, ஒன்றில் அரிக்கன் லாம்பு, ஒன்றில் சவர்க்காரம், ஒன்றில் பங்கீட்டு அட்டை, ஒன்றில் சைக்கிள் பம்ப், ஒன்றில் புத்தகம். ஒரே நேரத்தில் ஆறு வேலை செய்யும் எதிர்கால மனிதன். ஒன்பது மணிக்கு யாரோ அவன் காலடியில் செவ்வரத்தம்பூ வைத்தார்கள். ஒன்பதரைக்குக் கற்பூரம் எரிந்தது. பத்து மணிக்கு ஒரு தேங்காய் உடைந்தது.

"அம்மா, இது சாமியில்லை, மனிசன்!" என்று ராஜினி கத்தினாள்.

"ஆறு கையை வைச்சுப்போட்டு மனிசன் எண்டுறியளே பிள்ளை? எங்களைப் பாத்தால் பேயள் மாதிரிக் கிடக்கோ?" என்று கேட்ட ஒரு கிழவி, சவர்க்காரம் இருந்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தொடக்கத்தில் ஐயர் பூசை செய்தார். புதுச் சைக்கிளுக்குச் செய்வதுபோலவே ஒவ்வொரு கருவிக்கும் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தில்லைநாதன் மாஸ்டரின் கருவிக்கு முன்னால் வந்ததும் நெற்றி எது என்று ஒரு கணம் யோசித்தார். புனலின் அடியில் வட்டமாக, வடிவாக, பொட்டுக்கென்றே செய்ததுபோல் ஓர் இடம் தெரிந்தது. முதன்மைக் கருவி என்பதால் சந்தனத்தை நல்ல தாராளமாக அப்பினார். ஒலிவாங்கியின் வாய் அதுதான்.

வெறுங்காதுச் சோதனை தொடங்கியது. நல்லதம்பியரைச் சனத்தைப் பார்த்தபடி ஒரு கதிரையில் இருத்தினார்கள். அவருக்குப் பின்னால் ஒரு சேலைத் திரை. திரைக்குப் பின்னால் தில்லைநாதன் மாஸ்டர் பத்துச் சத்தங்களை எழுப்புவார். கோயில் மணியில் தொடங்கி, வரவரச் சிறுத்து, கடைசியில் ஊசி விழும் சத்தம். கேட்டால் கையை உயர்த்தவேண்டும். முன்வரிசையில் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்த அதிகாரி, மாலையும் கழுத்துமாக, ஒரு படிவத்தோடு இருந்தார்.

நல்லதம்பியருக்கு வியர்த்தது. சால்வை நனைந்தது, கதிரை நனைந்தது, இரணைமடுக் குளம் வான் பாய்வதுபோல் நெற்றியிலிருந்து பாய்ந்தது. கதிரையிலிருந்து பார்த்தால் சீசர் தெரியாது; கிடுகு மறைத்தது. கழுத்து விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முன்வரிசையில் ஒரு தாயின் மடியில் இருந்த குழந்தை சட்டென்று தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தது.

நல்லதம்பியர் கையை உயர்த்தினார். சனம் தலையாட்டியது.

குழந்தை மறுபடி திரும்பியது. கை உயர்ந்தது. செம்பைக் கரண்டியால் தட்டினார் மாஸ்டர், குழந்தை, கை. காப்பைக் குலுக்கினார், குழந்தை, கை. நெருப்புக்குச்சியை முறித்தார், குழந்தை, கை. பத்தாவதாக ஊசி விழுந்தபோது அது மாஸ்டருக்கே கேட்கவில்லை. ஆனால் அந்த நொடியில் குழந்தையின் மூக்கில் ஒரு இலையான் பறந்து வந்து இருந்தது. குழந்தை தலையைத் திருப்பியது. நல்லதம்பியர் கையை உயர்த்தினார்.

பத்துக்குப் பத்து! கொட்டில் அதிர்ந்தது. அதிகாரி படிவத்தில், 'இயல்பான கேள்வித்திறன்: இயல்புக்கு மேல்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

அடுத்தது கருவி. மிதிப்பதற்கு மாயாண்டி வந்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் கமம் செய்கிறவர். மல்லாவியிலிருந்து மூன்று மூட்டை நெல்லைச் சைக்கிளில் கட்டி, மணலுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். தொடை ஒவ்வொன்றும் ஒரு நாலாவது மூட்டை.

"ஆரம்பிக்கட்டுங்களா வாத்தியாரய்யா?"

"முதல்ல மெல்ல மிதியுங்கோ, மாயாண்டி."

சிரட்டைகள் நல்லதம்பியரின் காதில் ஏறின. சைக்கிள் சுழன்றது. ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும்போல் பஞ்சுமூட்டைக்குள் இருப்பதுபோல் இருந்தது. தில்லைநாதன் மாஸ்டர் கண்ணை அகல விரித்து, 'என்ன கேக்குது?' என்று வாயைக் குவித்தார். அந்தக் கேள்வியை விளங்கக் காது தேவையில்லை. எண்ணூறு சோடிக் கண்கள் காத்திருந்தன. பத்துக்குப் பத்து எடுத்த மனிதன் இனி என்ன செய்வது? ஏறிவிட்டார், இறங்கமுடியாது.

"ஆனையிறவில உப்பு விளையிற சத்தம் கேக்குது" என்றார்.

"ஆ…!" என்றது சனம்.

"கரகரெண்டு கேக்குது." சனத்தின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உற்சாகம் ஏறியது. "இரணைமடுக் குளத்துக்குள்ள ஒரு விரால் கொட்டாவி விடுது. பக்கத்தில கிடக்கிற மீன், விடிஞ்சிட்டுது எழும்படா எண்டுது."

கைதட்டலில் கூரைக் கிடுகு பறந்தது.

"பொறுங்கோ, பொறுங்கோ… வவுனியா! வவுனியாவில ஒருத்தன் தேத்தண்ணி கலக்கிறான். சீனி போட்டு! ஒண்டு… ரெண்டு… மூண்டு கரண்டி!"

கொட்டில் முழுக்க எச்சில் விழுங்கியது. சீனியைக் கண்ணால் கண்டு மாதக்கணக்கான சனம். "பாலும் விட்டவனோ, கேளுங்கோ!" என்று பின்வரிசையில் ஒருவர் அழுவாரைப்போலக் கூவினார்.

எல்லோரும் நல்லதம்பியரைப் பார்த்துக்கொண்டிருக்க, ராஜினி டீச்சர் மட்டும் கருவியைப் பார்த்தாள். புனலின் அடியில் இருந்த பொட்டு, பொட்டுக்கு மிஞ்சிய அளவாய் அவளுக்குத் தெரிந்தது. கிட்டப் போய், கொண்டை ஊசியை எடுத்து, காய்ந்த சந்தனத்தைக் கிண்டி எடுத்தாள்.

நல்லதம்பியரின் தலைக்குள் உலகம் விழுந்தது.

முதலில் அந்தக் குழந்தையின் சிணுங்கல். பிறகு சைக்கிள் சங்கிலியின் கிறீச்சு. கிடுகு உரசும் சத்தம். யாரோ இருமினார்கள், இருமலுக்கு இவ்வளவு அழகு உண்டென்று அவர் மறந்துபோயிருந்தார். மூன்று வருடமாகக் கிட்டாத சத்தமெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிரட்டைக்குள் புகுந்தன. புனல் மூன்றாம் வரிசையைப் பார்த்து நின்றது. அங்கேயிருந்து, தெளிவாக, மணி மணியாக, சிவலட்சுமியின் குரல் வந்தது.

"புளுகிற புளுகைப் பாரன். காதுக்குள்ள இடி விழுந்தாலும் இந்த மனிசனுக்குக் கேக்காது. மூண்டு வருசமா இப்பிடித்தான். சீசரைப் பாத்தெல்லோ விசில் ஊதுறவர்."

"ஐயோ அக்கா! அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஏன் சொல்லோணும்? நாள் முழுக்க மனசுக்க கிடக்கிற எல்லாத்தையும் அந்தாளுக்குத்தான் கொட்டுறனான். ஒரு குறுக்குக் கதையில்லை, ஒரு புத்திமதியில்லை. எல்லாத்துக்கும் ஓம், ஓம், அதுக்கென்ன. காது கேக்கிற புருசனிட்டை இப்பிடிக் கதைக்க ஏலுமோடி?"

நல்லதம்பியரின் வாய் திறந்தபடி நின்றது. அவளுக்குத் தெரியும்! முதல் நாளிலிருந்தே தெரியும்! கண்ணில் நீர் முட்டியது. அதைக் கண்ட மாயாண்டிக்கு, கருவி வேலை செய்கிறது, அய்யா ஏதோ தேவலோகத்துச் சங்கீதம் கேட்கிறார் என்று பட்டுவிட்டது. சீட்டிலிருந்து எழும்பி நின்று, மல்லாவி மணலில் மிதிக்கும் மிதியை மிதித்தார்.

டைனமோ வேகமாகச் சுற்றினால் கருவிக்குள் ஓர் இரைச்சல் வரும். தில்லைநாதன் மாஸ்டருக்கு அது தெரியும். சின்னக் குறைதானே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

'ங்ங்ங்ங்ங்…' என்று தொடங்கி, ஏறி, ஏறி, தலைக்கு மேலே குத்திக்கொண்டு வந்தது அது. மூன்று வருடமாக விமானத்தின் சத்தமே கேட்காத மனிதருக்கு அது வேறெதுவாகப் படும்? சீசரைத் தேடினார். கிடுகு மறைத்தது. நேரமில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, நாயைப் பார்க்காமல், தன் காதை நம்பி ஊதினார்.

அந்த ஊர்ச் சனத்துக்குப் பழக்கம் உண்டு. ஒரு நிமிடத்துக்குள் எண்ணூறு பேரும் பங்கர்களுக்குள் இறங்கிவிட்டார்கள். அதிகாரி மாலையோடு போனார். ஐயர் தட்டத்தோடு போனார். மாயாண்டி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். "சாமியை விட்டிட்டு வரப்படாது" என்று இரண்டு பெண்கள் நாளைய மனிதனை அணைத்துத் தூக்கினார்கள். வாசலில் இடித்து அவனுக்கு மூன்று கை போயிற்று. நல்லதம்பியர் சிரட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு, பெரிய பங்கரின் வாசலில் வந்து குந்தினார். உலகம் மறுபடி பஞ்சுமூட்டைக்குள் போய்விட்டது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். ஒன்றும் வரவில்லை.

பங்கர் வாயால் வெளியே பார்த்தார். மைதானத்தின் நடுவில், நாலு காலையும் நீட்டி, வெயிலில் சீசர் நித்திரை கொண்டது.

அவர் விசிலைச் சால்வைக்குள் ஒளித்தார்.

பள்ளிக்கூடத்து அதிபர் முத்துலிங்கம் மண்ணைத் தட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, ஏதோ கூவினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்லதம்பியர் சிவலட்சுமியைப் பார்த்தார். அவள் நகர்ந்து வந்து, அவருடைய இடது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்.

"விமானம் பாதியில திரும்பிப் போட்டுதாம்! பன்னிரண்டு மைலிலேயே நீங்கள் பிடிச்சுப்போட்டியளாம்! நாளையில இருந்து அந்தக் கருவியைப் பூட்டிக்கொண்டுதான் காவல் இருக்கவேணுமாம்!"

தப்பிக்க வழி திறந்து கிடந்தது. ஓம், ஓம், அதுக்கென்ன என்றால் முடிந்தது. விசில் கழுத்திலேயே கிடக்கும். புகழ் இன்னும் பன்னிரண்டு மைல் நீளும். ஆனால் நாளைக்கு அந்த இரைச்சலைக் கேட்டு ஊதவேண்டும், நாளன்றைக்கும் ஊதவேண்டும். நாலாம் நாள் பிள்ளைகள் விசிலைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஐந்தாம் நாள் விமானம் உண்மையாக வரும்.

"சேர், எனக்குக் காது கேக்காது" என்றார் நல்லதம்பியர்.

அதிபர் சிரித்தார். தன்னடக்கமாக்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, ஒரு விரல் தூரத்திலிருந்து சிவலட்சுமி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது அவர்களுக்கு ஒரு மாதிரிப் பட்டது. சிரிப்பு நின்றது. அதிபர் கேட்கக் கேட்க, அவள் காதுக்குள் கத்திக் கொடுத்தாள்.

"அப்ப பத்துக்குப் பத்து எப்பிடி?"

"குழந்தையின்ர தலையைப் பாத்தனான்."

"மூண்டு வருசமா விமானம்?"

"சீசரின்ர காதைப் பாத்தனான்."

"ஆனையிறவு உப்பு?"

"அது புளுகு, சேர்."

பின்னாலிருந்து ஒரு குரல் நடுங்கிக்கொண்டு வந்தது: "வவுனியாச் சீனி?"

நல்லதம்பியர் தலையைக் குனிந்தார். "அதுவும் புளுகுதான்."

அந்தப் பங்கருக்குள் அன்று எழுந்த பெருமூச்சுகளில் இதுவே பெரியது. மூன்று கரண்டிச் சீனியும் ஒரே நொடியில் கரைந்து போயிற்று.

நல்லதம்பியர் விசிலைக் கழற்றி அதிபரின் கையில் வைத்தார். அதிபர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்க, சிவலட்சுமி காதுக்குள் கத்தினாள்.

"சீசர் ஒருநாள் நித்திரை கொண்டிருந்தா என்ன செய்திருப்பியள், நல்லதம்பியண்ணை?"

"அது நித்திரை கொண்டாலும் காது நித்திரை கொள்ளாது சேர். நானும் கொள்ளேல்லை. பள்ளிக்கூட நேரத்தில ஒருநாளும் கண்ணை எடுத்ததில்லை. சோறு தின்னேக்கையும் அதின்ர காதைப் பாத்துத்தான் தின்னிறனான். பிழைதான். சொல்லியிருக்கவேணும். சொன்னால் விசிலை வாங்கிப்போடுவியள்."

எல்லோரும் வெளியே ஏறினார்கள். அதிபர் விசிலைத் தில்லைநாதன் மாஸ்டரின் கழுத்தில் போட்டு, "மாஸ்டர், உங்களுக்குக் காது நல்லாக் கேக்கும். பாலை மரத்தடியில இருந்து சீசரைக் கொஞ்சநேரம் பாருங்கோ" என்றார்.

மாஸ்டர் பார்த்தார். இரண்டாவது நிமிடம் யாரோ, "ஏன் மாஸ்டர் கருவி இரைஞ்சது?" என்று கேட்க, திரும்பி விளக்கத் தொடங்கினார். விளக்கி முடித்தபோது சீசர் மைதானத்தின் மற்றப் பக்கம் நின்றது. எப்போது போனதென்று தெரியாது. விசில் ராஜினி டீச்சரிடம் போயிற்று. அவள் நாயின் காது வடிவாயிருக்கிறதே என்று படம் கீறத் தொடங்கி, கண்ணைக் கடதாசியிலேயே வைத்துவிட்டாள். மாயாண்டி, "நான் பாக்குறேங்க" என்று வாங்கினார். "மாயாண்டி, மல்லாவியில நெல் என்ன விலை போகுது?" என்று ஒரு சத்தம் வந்ததும் அவரும் திரும்பினார். அதிபர் தானே ஒரு தரம் முயன்றார். அதிகாரி மாலையைக் கழற்றியபடி நட்டஈடு பற்றி ஏதோ சொல்ல, அதிபரின் கழுத்தும் திரும்பிற்று. காது கேட்கிறவர்களால் ஒரு நாயைப் பத்து நிமிடம் பார்க்கமுடியவில்லை.

அதிபர் நடந்து வந்து விசிலை நல்லதம்பியரின் கழுத்தில் திரும்ப மாட்டினார். மாட்டிவிட்டு, சிவலட்சுமியைப் பார்த்து, "அக்கா, இதை அவருக்குக் கத்திச் சொல்லுங்கோ. இனி இது ஒளிவுமறைவில்லை. பிள்ளையளுக்கும் சொல்லுவன். ஒரு ஆள் பாக்கிறதை நானூறு பேரும் பாக்கட்டும். ஆனால் ஊதுறது அவர்தான்" என்றார்.

"அதை நீங்களே சொல்லுங்கோ சேர், எனக்குத் தொண்டை போட்டுது" என்றாள் சிவலட்சுமி. சொல்லத் தேவையிருக்கவில்லை. நல்லதம்பியர் விசிலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

அதிகாரி படிவத்தில் ஏற்கெனவே எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்: 'கருவிக்கு இல்லாதது கேட்கிறது. மனிதருக்கு இருப்பது கேட்கவில்லை. நாய் சாதாரணம். மேலதிக ஆய்வு தேவை.'

பின்னேரம் சனம் கலைந்தது. பிள்ளைகள் கிடுகுகளைப் பொறுக்கினார்கள். தில்லைநாதன் மாஸ்டர் கருவியைக் கழற்ற வந்தபோது, சிவலட்சுமி அவரைத் தடுத்து, "மாஸ்டர், அரை மணித்தியாலம் பொறுங்கோ" என்றாள். கணவரைக் கதிரையில் இருத்தி, சிரட்டை இரண்டையும் அவருடைய காதில் மாட்டினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாயாண்டி திரும்பக் கொண்டுவந்து பூட்டிய சைக்கிளில் ஏறினாள். புனலைத் தன் வாய்ப் பக்கம் திருப்பினாள்.

"இஞ்சேரப்பா, கேக்குதோ?"

"கேக்குது."

"உண்மையாக் கேக்குதோ, வவுனியாச் சீனி மாதிரியோ?"

"உண்மையாக் கேக்குது சிவலட்சுமி." அவர் சிரட்டைகளை அழுத்திப் பிடித்தார். "மூண்டு வருசமா எனக்கு என்னெல்லாம் சொன்னனீ? எல்லாத்தையும் சொல்லு."

அவள் ஒரு நிதானத்தில், இரைச்சல் வராத வேகத்தில் மிதித்தபடி தொடங்கினாள். அக்கராயனுக்கு வந்த முதல் நாள் மழையில் தொடங்கி, கஞ்சி கரிந்த கதை, அவளுடைய தங்கச்சியின் கடிதம், கால் நோவு என்று வரிசையாக வந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தாயாரைப் பற்றிய இடம் வந்தது.

அவள் கால்கள் மிதியில் நின்றன. சக்கரம் மெல்ல ஓய்ந்தது. வாய் ஓயவில்லை.

நல்லதம்பியர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள், முகம் செந்தணலாயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார்.

அவள் திருப்தியாக மூச்சு விட்டு, மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.